கடை வாடகையை ஏற்றச் சொன்னால்

மதுரை செல்லூரில் 14 வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன். போன தை மாதம் கட்டட உரிமையாளர் 9,000 ரூபாய் வாடகையை 13,000 ஆக்கச் சொன்னார்.

இப்படிக் கேட்டால் உடனே சரி என்றும் சொல்லாதீர்கள், முடியாது என்றும் சொல்லாதீர்கள். ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அதற்குள் பக்கத்துக் கடைகளில் சதுர அடிக்கு என்ன வாடகை என்று விசாரியுங்கள். அப்புறம் கணக்கு நோட்டை எடுங்கள். பார்க்க வேண்டியது விற்பனை அல்ல, கையில் நிற்கும் லாபம். எனக்கு மாதத்தின் முதல் ஐந்து நாள் லாபம் வாடகைக்கே போய்க்கொண்டிருந்தது. 13,000 என்றால் ஏழு நாள் தாண்டும். நோட்டை அப்படியே அவர் முன் விரித்தேன். பால் பாக்கெட் ஈரம் பட்டு மை கலைந்த பக்கம்தான், ஆனாலும் நிதானமாகப் படித்தார். 11,000-க்கு ஒத்துக்கொண்டார்.

பேசியதை வாய்ப்பேச்சாக விடாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். என் பழைய பத்திரத்தில் வருட ஏற்றம் எழுத வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது. அதனால்தான் அவ்வளவு கேட்க முடிந்தது. ஏற்றம், அட்வான்ஸ், காலி செய்ய அவகாசம் மூன்றையும் எண்ணில் எழுத வையுங்கள். புது வாடகை தொடங்க இரண்டு மூன்று மாதம் தள்ளிக் கேளுங்கள். எனக்குச் சித்திரையிலிருந்துதான் தொடங்கியது.