முகாமிலிருந்து திருகோணமலைக்கு வரும் குடும்பத்துக்குத் துணை நிற்பது எப்படி

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஒரு குடும்பம் ஊர் திரும்புகிறது என்று கேள்விப்பட்டதும் நம் சங்கங்கள் முதலில் இறங்குவது அரிசி, சீனி, பருப்பு சேர்க்கிற வேலையில்தான். சேருங்கள், தேவைதான். ஆனால் அந்தப் பொதி இரண்டு கிழமையில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு அவர்களுக்கு வேண்டியது கந்தோர் கந்தோராகக் கூட வரக்கூடிய ஒரு ஆள். 1990இலோ 2006இலோ படகேறிப் போனவர்களுக்கு இன்றைய திருகோணமலையில் எந்த அலுவலுக்கு எங்கே போவது என்று தெரியாது, அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ ஊரே புதிது. ஆகவே ஒரு குடும்பத்துக்கு இரண்டு தொண்டர்களைப் பொறுப்பாக்குங்கள், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும், குறைந்தது ஆறு மாதத்துக்கு அதே இருவர்தான் என்று தொடக்கத்திலேயே முடிவெடுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அந்த வீட்டு அம்மா கடல் கடந்த இரவையும் இழந்தவர்களையும் பற்றி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பாவம்.

வேலை அவர்கள் புறப்படுவதற்கு முன்பே தொடங்குகிறது. வட்ஸ்அப்பில் கூப்பிட்டு ஆறுதலாகக் கதையுங்கள், பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அங்குள்ள பிறப்புச் சான்றிதழ் இருந்தால் மட்டும் இலங்கைக் குடியுரிமை வந்துவிடாது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்துகொண்டு வந்தால் இங்கே பாதி அலைச்சல் மிச்சம். பதியாமல் வந்துவிட்டால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், பிரிவு 5(2) இன் கீழ் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் கேட்பார்கள். முகாமில் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட கலியாணங்கள் நிறைய உண்டு, அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், பத்தாம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கல்லூரிப் பட்டம் எல்லாவற்றையும் மூலப் பிரதியாகவே எடுத்துவரச் சொல்லுங்கள், பிறகு இங்கிருந்து எழுதிப் பெறுவது பெரும்பாடு.

இன்னொரு விஷயம், இதை மறைக்கக் கூடாது. கடவுச்சீட்டில்லாமல் படகில் போனவர்களுக்குத் திரும்பி வரும்போது குடிவரவுச் சட்டத்தின் கீழ் சிக்கல் வரலாம். 2025 மே மாதம் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர் கைது செய்யப்பட்டார், அந்தச் செய்தி முகாம்களில் எல்லோருக்கும் தெரியும். ‘ஒன்றும் நடக்காது, நீங்கள் வாங்கோ’ என்று வாய்க்கு வந்தபடி உறுதி கொடுக்காதீர்கள், அந்த உறுதியைத் தர உங்களுக்கு அதிகாரமில்லை. அவர்கள் விமானம் ஏறுமுன் ஒரு சட்டத்தரணியோடு கதைத்து வையுங்கள், சட்ட உதவி ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகம் இரண்டினதும் தொலைபேசி இலக்கங்களை அவர்கள் கையிலேயே எழுதிக் கொடுங்கள்.

வந்திறங்கும் நாளில் மாலை, பதாகை, கமரா ஒன்றும் வேண்டாம். கட்டுநாயக்கவிலிருந்து வந்தால் ஆறேழு மணித்தியாலப் பயணம், பிள்ளைகள் வாடிப்போயிருப்பார்கள். குளிக்கத் தண்ணீர், இடியப்பமும் சொதியும், படுக்கப் பாய், பூட்டக்கூடிய கதவு, இவ்வளவும் இருந்தால் அன்றைக்குக் காணும். நன்கொடை தந்தவர் படம் கேட்டால் வாங்கிய சாமானின் பற்றுச்சீட்டை அனுப்புங்கள், அந்தப் பிள்ளைகளின் முகத்தை அனுப்ப வேண்டியதில்லை.

அடுத்த நாள் கிராம சேவையாளரிடம் போங்கள். அவர் பதிவும் கடிதமும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் எந்த அலுவலும் நகராது, அடையாள அட்டை விண்ணப்பமும் அவர் வழியாகத்தான். எந்தப் பிரதேச செயலகம் என்பதையும் சரியாகப் பாருங்கள், ‘பட்டினமும் சூழலும்’, குச்சவெளி, மூதூர், தம்பலகாமம் என்று பல பிரதேச செயலகங்கள் உண்டு, காணி இருக்கிற இடமும் இப்போது தங்கியிருக்கிற இடமும் வேறு வேறாக இருந்தால் முதலில் எங்கே பதிவது என்று கேட்டுத் தெளிந்த பிறகு வரிசையில் நில்லுங்கள். ஒரு பைல் போடுங்கள், ஒவ்வொரு பத்திரத்துக்கும் நாலைந்து போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள், எந்தத் தேதியில் எந்த மேசையில் என்ன சொன்னார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூலப் பிரதிகள் எப்போதும் குடும்பத்திடமே இருக்க வேண்டும். அலுவலர் உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார், நீங்கள் பதில் சொல்லிவிடாமல் ‘அக்கா, நீங்களே சொல்லுங்கோ’ என்று திருப்பிவிடுங்கள், அடுத்த முறை அந்த அக்கா தனியாகவே போய் வருவார். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது, ஆகவே தமிழில் படிவம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்தை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பத்திரம் முழுமையாக இல்லையென்றாலும் அதிபரையும் வலயக் கல்வி அலுவலகத்தையும் போய்ப் பாருங்கள், எங்கும் பிறப்புப் பதியப்படாத பிள்ளையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் சிங்களம் ஒரு எழுத்தும் படித்திருக்க மாட்டார்கள், வகுப்பில் மற்றவர்கள் வருடக்கணக்காகப் படித்திருப்பார்கள். பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் சிங்களம் சொல்லிக் கொடுக்க ஒரு தொண்டர் கிடைத்தால் அது பத்துப் பொதி அரிசியை விடப் பெறுமதி.

காணி விஷயத்தில் அவசரம் கூடாது. பழைய வளவு காடாகிக் கிடக்கும், அல்லது வேறொருவர் குடியிருப்பார், அல்லது வனத் திணைக்களமோ தொல்லியல் திணைக்களமோ எல்லைக்கல் போட்டிருக்கும். கத்தியை எடுத்துக்கொண்டு துப்புரவாக்கப் போகாதீர்கள், அனுமதிப்பத்திரமோ உறுதியோ எது இருக்கிறதோ அதோடு முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். சண்டை நடந்த பகுதியென்றால் கண்ணிவெடி அகற்றிய இடமா என்றும் விசாரியுங்கள். தற்காலிகக் கொட்டில் போடுவதாக இருந்தால் ஐப்பசி மாரிக்கு முன்னால் கூரை ஏறிவிட வேண்டும்.

இங்கே பிறக்காத, நம் மொழி தெரியாத ஆக்களும் நம் கரைக்கு வருகிறார்கள். 2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் கண்ட படகில் மியன்மாரைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் இருந்தார்கள், திருகோணமலைக்குக் கொண்டுவந்து ஜமாலியாவில் ஒரு பாடசாலையில் தங்கவைத்து, பிறகு முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனார்கள். அப்படியொரு நேரத்தில் உதவி செய்கிற முறை வேறு. பட்டினி கிடந்து வந்தவர்களுக்கு எடுத்தவுடன் பிரியாணி கொடுக்கக் கூடாது, ஜீவனி (உடலில் நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத் தூள்) கரைத்த தண்ணீர், கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கி, மற்றதை டொக்டர் பார்த்த பிறகு கொடுங்கள். சாப்பாடு ஹலாலாக இருக்கட்டும், பெண்களுக்கு வேண்டிய சாமான்களைப் பெண் தொண்டர்களே கொண்டுபோகட்டும், எல்லாவற்றையும் பொறுப்பான அதிகாரியிடம் சொல்லிவிட்டே கொடுங்கள். முகம் தெரியப் படம் எடுத்துப் போடாதீர்கள், அவர்களுடைய உறவினர் இன்னும் மியன்மாரில் இருக்கிறார்கள். இலங்கை 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் சேரவில்லை, தஞ்சம் கோரி வந்தவர் இங்கே சட்டப்படி வேலை செய்ய முடியாது, ஆகவே இரக்கப்பட்டு யாரையும் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட வேண்டாம், அகப்பட்டால் துன்பம் அவருக்குத்தான். ஆனால் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் இலங்கை 1994இல் சேர்ந்துவிட்டது, சித்திரவதை காத்திருக்கிற நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதில் உள்ள கடமை. திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவியுங்கள்.

திரும்பி வந்த குடும்பத்தை ஆறாம் மாதம் போய்ப் பாருங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறிவிட்டதா, அரசின் நலன்புரி உதவித்தொகையான அஸ்வெசுமவுக்கு விண்ணப்பித்தார்களா, அங்கே பெயின்ற் அடித்த அண்ணாவுக்கு இங்கே நாட்கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கடைசிப் பிள்ளையின் குடியுரிமைப் பத்திரம் கைக்கு வரும்வரை அந்தப் பைலை மூடாதீர்கள்.