சட்டித் தயிரில் நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைட் தேடுவது எப்படி

மட்டக்களப்பு எருமைத் தயிருக்கு நேற்றைய தயிரில் ஒரு கரண்டிதான் உறை. அதனால் வீட்டுக்கு வீடு லக்டிக் அமிலப் பற்றீரியாக் கூட்டம் வேறுபடும். அவற்றுள் சில பற்றீரியோசின் எனும் சிறு பெப்டைட்டை (சிறு புரதத் துண்டை) சுரந்து அயல் இனங்களைக் கொல்லும். வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் ஆய்வுகூட மேசை கிடைத்தவர்களுக்கு இது செய்யக்கூடிய வேலை.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் வெவ்வேறு உறை பாவிக்கும் நாலைந்து வீடுகளில் வாங்குங்கள். ஒரே கடையில் பத்துச் சட்டி வாங்கினால் ஒரே பற்றீரியாவைப் பத்துத் தடவை பிடிப்பீர்கள். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றே தொடங்குங்கள். ஆடையை ஒதுக்கி நடுவிலிருந்து 10 கிராம் எடுத்து, 90 மி.லீ. 0.85% உப்புக் கரைசலில் கலந்து, பத்துப் பத்து மடங்காக ஐதாக்குங்கள். பின்னைய ஐதாக்கல்களிலிருந்து 0.1 மி.லீ. வீதம் லக்டிக் அமிலப் பற்றீரியாவுக்கான வளர்ப்பூடகமான எம்ஆர்எஸ் அகாரில் பரப்பி, மெழுகுதிரிச் சாடிக்குள் (மெழுகுதிரி ஏற்றி மூடி ஒட்சிசனைக் குறைத்த சாடி) 30 பாகையில் 48 மணி நேரம் வையுங்கள். அகாரில் 0.5% கல்சியம் காபனேற்று இருந்தால் அமிலம் சுரக்கும் கொலனிகளை (பற்றீரியாத் திட்டுக்களை) சுற்றித் தெளியும். காபனேற்று அடியில் படியும். ஊற்றுமுன் குடுவையைச் சுழற்றுங்கள்.

தூய்மையாக்கிய ஒவ்வொன்றிலும் 2 மைக்ரோ லீட்டர், குளுக்கோசை 2 சதவீதத்திலிருந்து 0.2 ஆகக் குறைத்த எம்ஆர்எஸ்ஸில் புள்ளியிடுங்கள். மறுநாள் மேலே 0.75% மென் அகார் ஊற்றுங்கள். அதற்குள் சோதனைப் பற்றீரியாவாக லிஸ்டீரியா இனோக்குவா, மி.லீ.க்குச் சுமார் பத்து இலட்சம். நோய் தரும் லிஸ்டீரியா மொனோசைட்டோஜீனஸ் வேண்டாம். மென் அகார் 45 பாகைக்கு ஆறியிருக்க வேண்டும். சூடு மிஞ்சினால் லிஸ்டீரியா செத்துக் கிண்ணம் முழுதும் தெளிந்துவிடும். ஆரம்பத்தில் எல்லாருமே இதைப் பார்த்துத்தான் துள்ளுவார்கள்.

புள்ளியைச் சுற்றி லிஸ்டீரியா வளராத தெளிந்த வளையம் வந்தாலும் அது பெப்டைட் என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் அமிலம்தான். வளையம் தந்த பற்றீரியாவின் திரவ வளர்ப்பை 12 முதல் 16 மணி நேரத்துக்குள் எடுங்கள். பிந்தினால் புரதம் அறுக்கும் நொதியங்கள் பெப்டைட்டைத் தின்றுவிடும். 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சுற்றி, மேல்நீரை சோடியம் ஐதரொட்சைட்டால் பிஎச் 6.5க்குக் கொண்டுவாருங்கள், அமிலம் கழிந்தது. கேட்டலேஸ் இட்டால் ஐதரசன் பரஒட்சைட்டும் கழியும். பிறகு 0.22 மைக்ரோன் வடி. நைட்ரோசெலுலோசு வடி பெப்டைட்டை ஒட்டவைத்துக்கொள்ளும். வடிக்குமுன் வேலைசெய்து வடித்தபின் செய்யாவிட்டால் வடியைத்தான் சந்தேகியுங்கள்.

இப்போது லிஸ்டீரியா கலந்த அகாரில் 6 மி.மீ. குழியிட்டு அந்த மேல்நீரில் 50 மைக்ரோ லீட்டர் ஊற்றி, குழியிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளி, புரதம் வெட்டும் நொதியமான புரோட்டினேஸ் கே ஒரு துளி வையுங்கள். பெப்டைட்டானால் நொதியம் இருக்கும் பக்கம் மட்டும் வளையம் வளராது, முழுநிலவு பிறையாகும். முழு வட்டமாகவே நின்றால், கொன்றது பெரும்பாலும் வேறேதோ. பற்றீரியாவைத் தாக்கும் பேஜ் வைரசும் கொல்லும். மேல்நீரை இரண்டிரண்டு மடங்காக ஐதாக்கிப் புள்ளியிடுங்கள்: பெப்டைட்டின் வளையம் மங்கிக்கொண்டே போகும், பேஜானால் தனித்தனிப் பொட்டுக்களாகப் பிரியும்.

வெள்ளாண்மை மண்ணிலும் தேடலாம். மண் கரைசலை 80 பாகையில் 10 நிமிடம் வைத்தால் பசிலசு வித்திகள் மிஞ்சும். ஆனால் சர்ஃபாக்டின் போன்ற அதன் லிப்போபெப்டைட்டுகளை (கொழுப்பு இணைந்த, மூலக்கூறே வளையமான பெப்டைட்டுகளை) புரோட்டினேஸ் கே வெட்டாது. பிறைச் சோதனையை மட்டும் வைத்து அவற்றைத் தள்ளிவிடாதீர்கள்.

புதியதா என்பதற்கு 16எஸ் எனும் மரபணுவின் வரிசையால் இனத்தை அறிந்து, திணிவுமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றர்) மூலக்கூற்று எடை பாருங்கள். லக்டோகொக்கசு லக்டிசிலிருந்து சுமார் 3354 டோல்டன் வந்தால் அது ஏற்கெனவே அறியப்பட்ட பற்றீரியோசினான நிசின் ஏ ஆகத்தான் இருக்கும். வேறு எண் வந்தால் மரபணுத்தொகையை வாசித்து, பற்றீரியோசின் மரபணுக்களைத் தேடும் இணையக் கருவியான பேகல் 4இல் தேடுங்கள். எதுவாயினும், 20% கிளிசரோலில் மறை 80 பாகையில் இரு குப்பிகள் போட்டு, எந்த வீட்டுச் சட்டி என்பதைக் குப்பியிலேயே எழுதுங்கள்.