முற்றத்துப் புல்லில் விழுந்த சொட்டையை மூட

ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணா போன முறை வந்தபோது ஒரு பை கென்ரக்கி புளூகிராஸ் விதை கொண்டுவந்து தந்தார். "மண்ணுக்குள்ளால ஓடிப்போய்த் தானே சொட்டையை மூடும், நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றார். மார்கழியில் திருகோணமலை உப்புவெளி வீட்டு முற்றத்தில் விதைத்தேன். மூன்று கிழமையில் மயிர் மாதிரி முளைத்தது, பங்குனி வெயிலில் கருகியது, கச்சான் காற்று வருவதற்கு முன்பே கதை முடிந்தது. விதையில் பிழையில்லை, அது குளிர்நாட்டுப் புல், 15 முதல் 24 பாகை செல்சியஸுக்குள்தான் செழிக்கும், நம்முடைய ஊரில் வைகாசி தொடங்கி ஆவணி வரை பகலில் 33, 34 சர்வசாதாரணம்.

அந்தப் புல் அங்கே செய்கிற வேலையை இங்கே அருகம்புல் செய்யும், இன்னும் மூர்க்கமாக. புளூகிராஸ் நிலத்தடித் தண்டால்தான் பரவும். அருகு கீழாலும் ஓடும், மேலாலும் ஓடும், மண்ணைத் தொட்ட கணுவில் எல்லாம் வேர்விடும். பிள்ளையாருக்கு அருகு பிடுங்கியவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே விதை தேடி அலையவேண்டாம், சொட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற புல்லே போதும்.

ஆனால் முதலில் அந்த இடம் ஏன் சொட்டையானது என்று பாருங்கள், அதை விட்டுவிட்டு எதை நட்டாலும் காசுதான் கரியாகும். மாமர நிழலா? அருகுக்கு ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், நிழலில் அது மெலிந்து மெலிந்து செத்துப்போகும், அங்கே அகல இலை உள்ள மலேசியன் புல்லை வையுங்கள். மோட்டார் சைக்கிள் நிறுத்தி நிறுத்தி மண் இறுகிவிட்டதா? அலவாங்கால் ஒரு சாண் இடைவெளியில் குத்தி, துளைகளுக்குள் மணலும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்புங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணறென்றால் கோடையில் தண்ணீர் சவராகிவிடும், அருகு ஓரளவு தாங்கும், ஆனாலும் நாளாக நாளாக உப்பு மண்ணில் படியத்தான் செய்யும், மாரி மழைதான் கழுவவேண்டும்.

சரி, நடுகைக்கு வருவோம். அண்ணாவின் ஊரில் உரமும் விதையும் போடுவது ஆவணி, புரட்டாதியில், குளிர் வருமுன். நமக்கு ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் நனைந்த கிழமை. கார்த்திகை வரை இழுத்தடித்தால் பெருமழை நட்டதை அள்ளிக்கொண்டு போகும். சொட்டையைக் கொத்தி, கோரை இருந்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள் (மேலே பிய்த்துவிட்டால் ஒரு கிழமையில் திரும்ப நிற்கும், எனக்கு அந்தப் பாடம் இரண்டு தரம்). ஒரு அங்குலம் எருமண் பரப்புங்கள். நன்றாக வளர்ந்த பக்கத்திலிருந்து கொடிகளை வெட்டி, மூன்று நான்கு கணு உள்ள துண்டுகளாக்கி, ஒரு சாண் இடைவெளியில், நுனி மட்டும் வெளியே தெரிய இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்துக் காலால் மிதித்துவிடுங்கள். மிதிக்காவிட்டால் வேர் காற்றில் நின்று காய்ந்துபோகும்.

வேர் பிடிக்கும் வரை மழை இல்லாத நாளில் காலையும் மாலையும் தெளிக்கவேண்டும். அதன்பிறகு தினம் தினம் தெளிக்கிற பழக்கத்தை விடுங்கள், வேர் மேலேயே நின்றுவிடும். வெறும் மீன் ரின் ஒன்றைப் புல்லில் வைத்து, கிழமைக்கு மொத்தம் 25 மில்லிமீற்றர் சேருமளவு விட்டால் சரி. நம்முடைய மணலில் அதை இரண்டு மூன்று தரமாகப் பிரித்துத்தான் விடவேண்டும், ஒரேயடியாக விட்டால் கீழே போய்விடும்.

புதுத் துளிர் ஓடத் தொடங்கியதும் யூரியா, சதுர மீற்றருக்கு 10 கிராம், அதையும் பாதி பாதியாக இரண்டு கிழமை இடைவெளியில். ஈர இலையில் வீசவேண்டாம், வீசியதும் தண்ணீர் விடுங்கள். புல் ஐந்து சென்ரிமீற்றர் வந்ததும் வெட்டத் தொடங்குங்கள், ஒரு தரத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் எடுக்கவேண்டாம். பலர் "பாவம், இப்பதான் வருது" என்று வெட்டாமல் விடுகிறார்கள், அது உயரத்துக்குப் போகுமே தவிர அகலத்துக்குப் போகாது.

கோட்டைப் பக்கம் வீடென்றால் இன்னொரு தொல்லை, மான்கள். இளம் புல் அவற்றுக்கு விருந்து, படலையைச் சாத்தி, பழைய மீன்வலை ஒன்றை இரண்டு மாதத்துக்குக் கட்டிவிடுங்கள்.

மூடியபிறகு அருகு நிற்காது, கத்தரிப் பாத்திக்குள்ளும் நுழையும். மாதம் ஒரு தரம் மண்வெட்டியால் ஓரத்தைச் செதுக்குங்கள், செதுக்கிய கொடியை எறியாமல் அடுத்த சொட்டைக்குள் புதைத்துவிடலாம்.