"செட்டிங் பண்ணினா சரியாயிடும்": பழைய லாக்கிங் டிரெமலோ கிடார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புளியந்தோப்பிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம். முதுகில் கிடார் பை, முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. பையைத் திறந்தால் கறுப்பு நிற எலெக்ட்ரிக் கிடார், கொம்பு இரண்டும் கூர்மையாக, லாக்கிங் டிரெமலோ வைத்தது; அதாவது கம்பியைப் பூட்டிவைத்து, பார் என்ற இரும்புப் பிடியை அழுத்தியும் தூக்கியும் சுருதியை ஆட்டுகிற அமைப்பு. செகண்ட் ஹேண்டில் பன்னிரண்டாயிரத்துக்கு முடித்திருக்கிறான்.

"எல்லாம் சூப்பர்ணா. ட்யூன்தான் நிக்க மாட்டேங்குது. செட்டிங் பண்ணினா சரியாயிடும்னு குடுத்தவரு சொன்னாரு."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே பெரம்பூரில் இதே வாக்கியத்தைக் கேட்டு நானும் தலையாட்டியிருக்கிறேன்.

கழுத்து வளைந்திருக்கிறதா, ஃபிரெட் தேய்ந்திருக்கிறதா, வால்யூம் குமிழ் கரகரக்கிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லாக் கிடாருக்கும் பொது, ஆம்பில் சொருகிக் கொஞ்ச நேரம் வாசித்தாலே தெரிந்துவிடும். லாக்கிங் டிரெமலோவின் வியாதி சும்மா வாசித்தால் வெளியே தெரியாது.

"செட்டிங்" என்ற சொல்லை நம்புவது

ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர் 1979-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. கம்பி இரண்டு பக்கமும் பூட்டப்படுகிறது. தலைப்பக்கம், கழுத்து முடிகிற இடத்தில் கம்பி படியும் நட்டில் மூன்று போல்ட், இந்தப் பக்கம், உடம்பின்மேல் கம்பி மாட்டும் பிரிட்ஜில் கம்பிக்கு ஒன்றாக ஆறு. பாரை அழுத்தி, கம்பியெல்லாம் தொளதொளவென்று தொங்கும்வரை இறக்கினாலும், கையை எடுத்ததும் பழைய சுருதிக்கே திரும்பும். திரும்ப வேண்டும்.

காசிமேட்டில் மீன் நிறுக்கிற பழைய தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ஆறு கம்பியின் இழுப்பு. மறு தட்டில், கிடாரின் முதுகுக் குழிக்குள் இருக்கும் மூன்று நான்கு ஸ்பிரிங்கின் இழுப்பு. இரண்டும் சமமானால் பிரிட்ஜ் உடம்புக்கு இணையாக நிற்கும். தராசுக் கோல் ஒரு கூர்முனை மேல் ஆடுவதுபோல இந்த பிரிட்ஜும் ஆடுகிறது. அதன் முன்விளிம்பைக் கத்திபோல் கூராக்கி, உடம்பில் இறக்கிய இரண்டு இரும்புத் தூண்களின் பள்ளத்தில் உட்கார வைத்திருப்பார்கள். 9 கேஜ் என்ற மெல்லிய ரகக் கம்பி போட்டு சாதாரண ட்யூனிங் வைத்தால் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ இழுக்கும். ஒன்றரை சிப்பம் அரிசி. அதற்குமேல் ஸ்பிரிங்கின் இழுப்பு வேறு. அத்தனையும் சாய்வது நகக்கண் அகலம்கூட இல்லாத அந்த விளிம்பின்மேல்.

விளிம்பு மழுங்கினால் தராசு பாதியில் சிக்கி நிற்கும். பாரை அழுத்திவிட்டால் சுருதி முழுசாக மேலே வராது, தூக்கிவிட்டால் முழுசாகக் கீழே இறங்காது. இதற்கு செட்டிங் என்று எதுவும் கிடையாது, போனது இரும்பு.

அன்றைக்கு எனக்கு இது தெரியாது. ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கிவந்து, முதலில் புதுக் கம்பி போட்டேன். அப்புறம் ஸ்பிரிங் ஒன்று கூட்டினேன். அப்புறம் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் ஒரு மாசம் திருகித் திருகி விளையாடினேன். கடைசியில் செய்ததுதான் மகா முட்டாள்தனம். பிரிட்ஜின் உயரம் சரியில்லையோ என்று, கம்பி முழு இறுக்கத்தில் இருக்கும்போதே ஆலன் கீயை விட்டு இரண்டு தூண்களையும் திருப்பினேன். அத்தனை கிலோ அழுத்தத்தில் தூண் சுழன்றால், அதன்மேல் சாய்ந்திருக்கும் கத்தி விளிம்பு என்ன ஆகும்? கொஞ்ச நஞ்சம் மிச்சமிருந்த கூரையும் நானே அரைத்து முடித்தேன். உயரம் மாற்ற வேண்டுமானால் முதலில் கம்பியைத் தளர்த்த வேண்டும் என்று அன்றைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பிரிட்ஜைக் கழற்றி வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் அரத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஹார்டனிங் பண்ணாத இரும்பு. நான் கூராக்கித் தர்றேன், நீ பத்து நாள்ல மழுக்கிக்கினு வருவே" என்றார். பத்து நாள் தாங்கவில்லை, ஆறு.

சரி, புது பிரிட்ஜே வாங்கிவிடலாம் என்று பம்பாயிலிருந்து ஒரு நண்பர் மூலமாக வரவழைத்தேன். அசல் ஃப்ளாய்ட் ரோஸில் ஒரு தூணின் மையத்துக்கும் மறு தூணின் மையத்துக்கும் சுமார் 74 மில்லிமீட்டர். என் கிடாரில் இருந்த மலிவு பிரிட்ஜுக்கு வேறு அளவு. உட்காரவில்லை. பழைய ஓட்டையைக் கட்டை வைத்து அடைத்துப் புதிதாகத் துளை போட வேண்டும், குழியையும் வெட்டிப் பெரிதாக்க வேண்டும். கதவு செய்கிற ஆசாரியிடம் கொடுக்கிற வேலையா இது? ஒன்பதாயிரத்துக் கிடாருக்கு மேலும் ஏழாயிரம் செலவழித்து, கடைசியில் அதிலிருந்த பிக்கப்பின், அதாவது ஒலியை வாங்கும் காந்தத்தின், விலைக்கே தள்ளிவிட்டேன். இன்றைக்கும் யாராவது "செட்டிங்" என்றால் எனக்கு எரிகிறது.

வாங்கும் இடத்திலேயே இதைப் பாருங்கள். ட்யூன் செய்து நட்டைப் பூட்டச் சொல்லுங்கள். ஆறாவது கம்பியைத் தட்டி, போனில் ட்யூனர் முள்ளைப் பாருங்கள். பாரை நன்றாக அழுத்தி விடுங்கள், முள்ளைப் பாருங்கள். பாரைத் தூக்கி விடுங்கள், மறுபடி பாருங்கள். அழுத்தியபின் சுருதி தாழ்ந்தும் தூக்கியபின் உயர்ந்தும் நின்றால் விளிம்பில் கோளாறு, அல்லது தூண் ஆடுகிறது. எப்படிச் செய்தாலும் தாழ்ந்துகொண்டே போனால் கம்பி புதுசாக இருந்து இழுபடுகிறது, இல்லையென்றால் பூட்டில் வழுக்குகிறது. அதைச் சரிசெய்யலாம். அப்புறம் போன் டார்ச்சைப் போட்டு, தூண்களைச் சுற்றிப் பெயின்டில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். பாரை ஆட்டும்போது தூணும் சேர்ந்து அசைந்தால் மரம் விட்டுக்கொடுத்துவிட்டது.

புளியந்தோப்புப் பையனின் கிடாரில் முள் இரண்டு பக்கமும் தப்பாகவே நின்றது. பிரிட்ஜைக் கழற்றி பேப்பரில் வைத்தோம். விளிம்பில் எலி கடித்ததுபோல் ஒரு பள்ளம். குடுத்தவர் போனை எடுக்கவில்லை.

முத்திரையைப் பார்த்து மயங்குவது

பிரிட்ஜில் "லைசென்ஸ்டு" என்று பொறித்திருந்தால், வடிவமைப்புக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று மட்டும் பொருள். இரும்பின் தரத்துக்கு அது சான்று ஆகாது. ஃப்ளாய்ட் ரோஸ் பெயரிலேயேகூட ஜெர்மனியில் செய்த ஒரிஜினல், கொரியாவில் செய்த 1000 வரிசை, அதைவிட மலிவான ஸ்பெஷல் என்று தினுசுகள் உண்டு. 1000 வரிசை நம்பலாம். ஸ்பெஷலில் கம்பியைக் கவ்வும் சேடில்கள் துத்தநாகக் கலவை, அசட்டுத்தனமாக முறுக்கினால் விரியும். ஐபனீஸ் கம்பெனியின் பழைய எட்ஜ் பிரிட்ஜ் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டு.

உப்புக்காற்றை மறப்பது

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் நாலு வருஷம் பையில் போடாமல் சுவரில் மாட்டிவைத்த கிடார் என்றால், ஜன்னல் கம்பிக்கு வந்த கதிதான் போல்ட்டுகளுக்கும். விற்கிறவரை விட்டே நட்டின் மூன்று போல்ட்டையும் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் ஆலன் கீ, பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும், நீங்களே கொண்டுபோங்கள். பொருந்தாத இன்ச் கீயைப் போட்டுத் திருகி உள்ளே வட்டமாகிப்போன போல்ட் ஒன்று இருந்தாலும் விலையைக் குறையுங்கள். பிரிட்ஜில் அப்படி ஒன்று துருவேறிச் சிக்கியிருந்தால் அந்தக் கம்பி அறுந்த நாளில் அழுவீர்கள்.

முதுகுத் தகட்டைத் திறக்காமல் வாங்குவது

உள்ளே மரக்கட்டை செருகி பிரிட்ஜை அசையாமல் நிறுத்தியிருக்கலாம். அது பாவம் இல்லை, பலர் விரும்பியே செய்வார்கள். ஆனால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் ஏன் மறுக்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

இல்லாத வியாதியைக் கண்டுபிடிப்பது

ஒரு கம்பியை பெண்ட் செய்யும்போது, அதாவது விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றும்போது, மற்ற கம்பிகள் சுருதி இறங்கும். மிதக்கிற பிரிட்ஜின் சுபாவம் அது. இதைச் சொல்லிப் பேரம் பேசினால் விற்கிறவர் சிரிப்பார்.

மேடைக்கு ஒரே கிடார் என்று இதை எடுப்பது

மெல்லிசைக் குழுவிலோ சர்ச் கொயரிலோ வாசிக்கிறவர்கள் நன்றாக யோசியுங்கள். பாடகர் "அரை ஸ்கேல் இறக்குப்பா" என்றால் நட் பூட்டைத் திறந்து, ஆறையும் மாற்றி, ஸ்பிரிங்கையும் சரிசெய்ய வேண்டும். அதற்குள் பாட்டு முடிந்துவிடும். ஒரு கம்பி அறுந்தால் தராசு சாய்ந்து மீதி ஐந்தும் சுருதி விலகும். ஓட்டேரியில் ஒரு கல்யாணக் கச்சேரியில் எனக்கு அது நடந்தது. மிச்சப் பாட்டுக்கெல்லாம் நான் டாம்பரின் தட்டினேன்.

பார் இல்லாமல் வரும் கிடார்

"தனியா வாங்கிக்கலாம்" என்பார். வாங்கிக்கொண்டு வரட்டும், அப்புறம் பேசுங்கள்.