மேமோகிராம் வண்டி வருவதற்கு முன்பே காப்பீட்டைத் தயார் செய்வது எப்படி?

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வரும் மார்பகப் பரிசோதனை வண்டிகளில் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. செலவு ஆரம்பிப்பது, அறிக்கையில் சந்தேகம் என்று வந்த பிறகுதான். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் அப்போதுதான் அலையத் தொடங்குகிறார்கள். வண்டி வரும் தேதி தெரிந்த அன்றே அட்டை வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். இதில் சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் மருமகள்கள். கல்யாணமாகிப் பல வருடம் ஆனாலும் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கும். அங்கே நீக்கி, புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்தால்தான் காப்பீட்டு அட்டையிலும் பெயர் ஏறும். இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சந்தேகங்களுக்கு 1800 425 3993.

அடுத்து, வண்டியில் செய்யப்போவது என்ன பரிசோதனை என்று கேளுங்கள். அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்வது, செவிலியர் கையால் தடவிப் பார்க்கும் பரிசோதனை. மேமோகிராம் வேறு, அது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்-ரே. சில முகாம்களில் உடல் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கருவி மட்டும் இருக்கும். அதை மேமோகிராமுக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 40 வயதுக்குக் கீழே மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி தெளிவாகத் தெரியாமல் போகலாம். அந்த வயதில் கட்டி தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்டுதான் முதலில்.

மேமோகிராம் எடுக்கும் அன்று பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம். அக்குளில் இருக்கும் பவுடர்த் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் போலத் தெரியும். ஒவ்வொரு மார்பகத்துக்கும் இரண்டு என்று மொத்தம் 4 படங்கள் எடுப்பார்கள். அறிக்கையோடு படங்களையும் ஃபிலிமாகவோ சிடியாகவோ கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மருத்துவமனையில் முதலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். பெயர், இனிஷியல், வயது மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். காப்பீட்டு முன் அனுமதி இழுத்தடிக்க ஒரு எழுத்துப் பிழை போதும்.

அறிக்கையில் பை-ராட்ஸ் என்று, சந்தேகத்தின் அளவைச் சொல்லும் ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் கவலையில்லை. 0 என்றால் படம் போதவில்லை, மேலும் பார்க்க வேண்டும் என்று மட்டுமே பொருள், பயந்துவிடாதீர்கள். 3 என்றால் பொதுவாக 6 மாதத்தில் மறுபடி படம். 4, 5 என்றால் பயாப்ஸி, அதாவது திசுவை எடுத்துச் சோதிப்பது. உடனே பக்கத்து நர்சிங் ஹோமில் கட்டியை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஊசி மூலம் சிறு துண்டு எடுக்கும் ட்ரூகட் பயாப்ஸிதான். அவசரமாக வெட்டிவிட்டால் பிறகு மறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம், பணமும் போய்விடும். முதலமைச்சர் திட்டம் ரொக்கமில்லாச் சிகிச்சைக்கானது. அதனால் திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு அல்லது தனியார் மருத்துவமனைக்குப் போய், பணம் கட்டும் முன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டுங்கள்.

மில்லிலோ பனியன் கம்பெனியிலோ மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கும். அதில் வெளிநோயாளி சிகிச்சையும் உண்டு, குடும்பத்தாருக்கும் பொருந்தும். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் தொடங்கிப் பரிந்துரைச் சீட்டோடு போக வேண்டும்.

தனியார் பாலிசி வேறு மாதிரி. பரிசோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் படுத்தால் பொதுவாக க்ளெய்ம் கிடைக்காது. ஆனால் அதே நோய்க்காகப் பிறகு அட்மிட் ஆனால், அதற்கு முந்தைய நாட்களின் பரிசோதனைச் செலவைக் கேட்கலாம். நிறுவனங்கள் ஒரே மாதிரி விதிகளோடு விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் இது 30 நாள். ஆகவே மருத்துவரின் சீட்டும் அசல் பில்லும் பத்திரம். அறிக்கையில் கட்டி என்று வந்த பிறகு புதிய பாலிசி எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் அதை எழுதியே ஆக வேண்டும். மறைத்தால் க்ளெய்மை நிராகரிக்கலாம். எழுதினால், நிறுவனம் பாலிசி தர ஒத்துக்கொள்ளும் பட்சத்தில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்.