கிளேஸ் மறைத்த கீறல்கள்

வெயில் பட்டால் என் கறுப்புக் காரின் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல்கள் தெரியும். பேடைச் சுழற்றித் தேய்க்கும் மெஷின் பஃபரில் கிளேஸ் என்ற மெருகுப் பூச்சைப் போட்டேன், பளபளவென்று மின்னியது. நாலு தடவை கழுவியதும் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. கிளேஸில் உள்ள எண்ணெய்ப் பசை கீறலை நிரப்பி மறைக்கும், அவ்வளவுதான், எடுக்காது.

சரி, முறையாகச் செய்வோம் என்று கழுவி, பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கிளே பாரால் தேய்த்து, விளிம்புகளில் மாஸ்க்கிங் டேப் ஒட்டினேன். அங்கே பெயிண்ட் மெலிதாக இருக்கும், பஃபர் சூட்டில் சீக்கிரம் போய்விடும். கிளேஸ் மாதிரி மறைக்காமல், மேல் படலத்தை மெலிதாகத் தேய்த்துக் கீறலை எடுப்பது பாலிஷ். ஃபோம் பேடில் பட்டாணி அளவில் நாலு சொட்டு பாலிஷ், ஒரு நேரத்தில் இரண்டடிக்கு இரண்டடி இடம் மட்டும். பேடைப் பெயிண்டில் வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும், இல்லையென்றால் பாலிஷ் எங்கும் தெறிக்கும். குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக நகர்த்தினேன். அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்: வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

பாலிஷ் விட்டுப்போன எண்ணெயை எடுக்க, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் போன பிறகும் கீறல் தெரியாவிட்டால்தான் அது உண்மையிலேயே போயிருக்கிறது. அப்புறம்தான் கிளேஸ், அதன்மேல் மெழுகு.

இப்போது உச்சி வெயிலில் நிறுத்தினாலும் பானெட்டில் மேகத்தின் பிம்பம்தான் தெரிகிறது.