ஈறு வீங்கியிருக்கிறதா? முதலில் எந்த இடம் என்று பாருங்கள்

செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று உதட்டை விலக்கிப் பாருங்கள். வீக்கம் ஒரு பல்லைச் சுற்றி மட்டுமா, வரிசை முழுக்கவா? பாதிக் காரணம் இதிலேயே பிடிபடும்.

ஒரே இடம் என்றால் என் முதல் சந்தேகம், எதாவது மாட்டியிருக்கும் என்பதுதான். ஒருமுறை மாம்பழ நார் கடைவாய்ப் பல் இடுக்கில் போய் உட்கார்ந்து எனக்கு மூன்று நாள் படுத்தியது. குண்டூசியால் குத்திப் புண்ணாக்கிக்கொண்டதுதான் மிச்சம், கடைசியில் ஃப்ளாஸ் நூலை விட்டு இழுத்ததும் வந்துவிட்டது. கடைசிப் பல்லுக்குப் பின்னால் வீங்கி வாய் திறக்கவே வலித்தால் பாதி முளைத்த ஞானப்பல்லாக இருக்கலாம். கொப்புளம் போல எழும்பி, சீழ் கசிந்தால் அது உப்புத் தண்ணீரில் போகிற சமாச்சாரம் இல்லை, பல் டாக்டர்தான்.

வரிசை முழுக்கச் சிவந்து, துப்பும் நுரையில் ரத்தம் தெரிகிறதா? பெரும்பாலும் ஈறு ஓரத்தில் படிந்த அழுக்குதான். சில நாள் விட்டால் அதுவே இறுகிக் காரையாகிவிடும், அப்புறம் பிரஷ்ஷுக்கு அசையாது, கிளினிக்கில் க்ளீனிங் செய்துதான் எடுக்க வேண்டும். (க்ளீனிங் செய்தால் பல் தேய்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.) இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறோம்: ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விடுவோம், அழுக்கு இன்னும் சேரும், இன்னும் வீங்கும்.

ஒழுங்காகத் தேய்த்தும் வீங்குகிறதா? கர்ப்பமாக இருந்தால் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சீக்கிரம் வீங்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் அப்படித்தான். பிரஷருக்குத் தரும் அம்லோடிபின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தர வாய்ப்பிருக்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு தினம் இரண்டு மூன்று முறை கொப்பளியுங்கள். மிருதுவான பிரஷ்ஷை ஈறு ஓரமாகச் சாய்த்து, அழுத்தாமல், 2 நிமிடம் தேயுங்கள். கிராம்புத் தைலம் வலியை மரக்க வைக்கும், அவ்வளவுதான். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைக்கவே வைக்காதீர்கள், வெந்து போகும்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகியும் வீக்கம் வடியாவிட்டால் பல் டாக்டரிடம் போங்கள். காய்ச்சலோடு கன்னமோ கழுத்தோ வீங்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு திணறுகிறது என்றால் ராத்திரியானாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.